வலப்பக்கத்து இலைகள்

1

இந்தக் கதையை என்னிடம் கேட்டு வாங்குகிறவர் ரேணுகாம்பாள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கேட்டு வாங்குகிற கதைக்கு முடிவையும் சேர்த்தே கேட்பார்கள், கேட்டுவிட்டார்கள்.

செங்கம் ரோட்டில் ஒரு பழைய மல்லாட்டைக் குடோன் இருக்கிறது. மல்லாட்டை என்று நாங்கள் சொல்வது வேர்க்கடலையை. வியாபாரம் வேறு இடத்துக்குப் போனபின் காலியாகக் கிடந்த அந்தக் குடோனில், இரண்டு வருஷமாக, செவ்வாயும் வியாழனும் காலை பத்து மணிக்கு ஏழெட்டுப் பேர் கூடுகிறார்கள். எல்லோரும் பெரியவர்கள், தலையில் அடிபட்டுப் பிழைத்தவர்கள். ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றி, தையல் பிரித்து, வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு சட்டை போட்டுக்கொள்ள, கடைக்குப் போய்த் திரும்ப, சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்க மறுபடியும் பழக ஓர் இடம் வேண்டும். ரேணுகாம்பாள் வெளியூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் உடற்பயிற்சிப் பிரிவில் பத்து வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்து இதைத் தொடங்கினார். போர்டில் ‘மறுவாழ்வுப் பயிற்சி நிலையம்’ என்று இருக்கிறது. ஊரில் அதற்குப் பெயர் மண்டை ஸ்கூல்.

பொங்கலுக்கு நிலையத்தின் ஆண்டு மலர் வருகிறது. நான் பத்திரிகைகளில், பம்புசெட் எப்படித் தண்ணீரை இழுக்கிறது, தையல் மிஷின் எப்படிக் கீழ்நூலைப் பிடிக்கிறது என்றெல்லாம் எழுதுகிறவன்; சில மாதமாக அந்தக் குடோனுக்கும் போய்வருகிறேன்.

“கட்டுரைன்னா படத்தப் பாத்துட்டு மடிச்சு வெச்சிடுவாங்க சார். கதையா எழுதுங்க” என்றார் ரேணுகாம்பாள்.

“யாரைப் பத்தி?”

“கோதண்டராமனைப் பத்திதான். வேற யாரு?”

நிலையத்தின் செயலாளர் ஒரு நிபந்தனை சேர்த்தார்: கதையின் முடிவில் கோதண்டராமன் பூரண குணமடைய வேண்டும். பிரதி புதன்கிழமை அச்சகத்துக்குப் போகிறது. இன்று ஞாயிறு.

[கோதண்டராமனுக்கு என்ன ஆகும் என்பது அதற்கும் இரண்டு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் தெரியும். செயலாளரிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை.]

2

முதல் தொடக்கம்: “மலையுச்சியில் மேகம் இறங்கியிருந்த ஒரு மார்கழிக் காலையில் கோதண்டராமன்”

வேண்டாம். இந்த ஊரைப் பற்றி எழுதுகிற எல்லோரும் மலையுச்சியில்தான் தொடங்குகிறார்கள். அங்கிருந்து கீழே இறங்கி வருவதற்குள் இரண்டு பக்கம் தீர்ந்துவிடுகிறது.

இரண்டாம் தொடக்கம்: “கீழ்பென்னாத்தூர்ச் சந்தையிலிருந்து திரும்பிய வேனில், முட்டைக்கோஸ் மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்த கோதண்டராமன், வளைவு வருவதை”

இதுவும் வேண்டாம். விபத்தில் தொடங்கினால் படிப்பவர்கள் கடைசிவரை விபத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நடந்தது இவ்வளவுதான். சக்கரபாணியின் சாப்பாட்டு ஓட்டலில் பரிமாறுகிறவர் கோதண்டராமன். 1983இல், தன் நாற்பதாவது வயதில், ஓட்டலுக்குக் காய் வாங்கி வரும்போது வேனிலிருந்து விழுந்தார். தலையின் வலப்பக்கத்தில் அடி.

மூன்றாம் தொடக்கம், ஓர் இலை. இதை வைத்துக்கொள்கிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் மனைவி பாஞ்சாலை அவருக்கு இலை போட்டார். நுனி இடப்பக்கம். அந்தப் பக்கம் பொரியல், கூட்டு, நடுவில் சோறு, வலப்பக்கம் அப்பளம். கோதண்டராமன் அப்பளத்தையும் சோற்றில் பாதியையும் சாப்பிட்டுவிட்டு எழுந்து கை கழுவப் போய்விட்டார். மீதிச் சோறு, கரண்டியால் கோடு கிழித்ததுபோல் நேராக நின்றது. பொரியலில் விரல் படவில்லை. மூன்று நாளும் இப்படியே. நாலாம் நாள் பாஞ்சாலை அவரைக் குடோனுக்கு இழுத்துக்கொண்டு வந்தார்.

“என் கை சமையல் எறங்கலன்னா வாயத் தொறந்து சொல்லட்டும் டீச்சரம்மா. பாதி இலைல எழுந்து போனா இன்னா அர்த்தம்? நானும் நாத்து நட்டுட்டு வந்து ஆக்கிப் போடறேன். எனக்கு மட்டும் ரோசம் இல்லியா?”

“எங்கடி பொரியல் வெச்ச?” என்று கேட்டார் கோதண்டராமன்.

“பாத்தியா டீச்சரம்மா, பாத்தியா!”

அவர் நக்கல் செய்யவில்லை. எங்கே என்றுதான் கேட்டார்.

(இங்கே கொஞ்சம் நின்று விளக்க வேண்டும். கதை பிடித்தவர்கள் அடுத்த பத்திக்குப் போய்விடலாம்; போகாதீர்கள், இதுதான் நல்ல இடம். கோதண்டராமனின் கண்ணில் கோளாறு இல்லை. கண் இடப்பக்கத்தையும் பார்க்கிறது. கவனம் அந்தப் பக்கம் போவதில்லை. உங்கள் முதுகுக்குப் பின்னால் என்ன தெரிகிறது என்று கேட்டால், இருட்டாக இருக்கிறது என்றா சொல்வீர்கள்? அங்கே ஒன்றும் தெரிவதில்லை. தெரியவில்லையே என்ற குறையும் தெரிவதில்லை. அவருக்கு இடப்பக்கம் அப்படி. சட்டையின் வலக்கையை மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவார். மீசையில் வலப்பாதியை மட்டும் கத்தரித்துக்கொள்வார். கண்ணாடியில் பார்த்துச் சரியாக இருக்கிறது என்றும் சொல்வார்.)

“பாதி சாப்ட்டதும் இலையத் திருப்பி வெச்சிடுங்க. அந்தப் பாதி வலப்பக்கம் வந்துடும்” என்றார் ரேணுகாம்பாள்.

பாஞ்சாலை எழுந்து நின்றுவிட்டார். “இலையத் திருப்பிப் போடறது சாவு வூட்டுல. பொழச்சு வந்த மனுசனுக்கு நான் திருப்பிப் போடுவேனா? ஆஸ்பத்திரில இதத்தான் படிச்சிட்டு வந்தீங்களா?”

ரேணுகாம்பாள் இலையை விட்டுவிட்டு ஆளை நகர்த்தினார். கோதண்டராமன் இலையின் இடது ஓரத்துக்கும் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தால், முழு இலையும் அவருக்கு வலப்பக்கம் ஆகிவிடுகிறது. நுனியும் இடப்பக்கமே இருக்கிறது. அன்று குடோனில் உட்கார்ந்து, விபத்துக்குப் பிறகு முதல் தடவையாக ஒரு பொரியலை அவர் சாப்பிட்டார்.

“உப்பு ஜாஸ்தி” என்றார்.

3

சக்கரபாணியைக் கொண்டுவர வேண்டிய இடம் இது. முதல் பிரதியில் அவரைக் கெட்டவராக எழுதியிருந்தேன். “கல்நெஞ்சுக்கார முதலாளி சக்கரபாணி, கல்லாவுக்குப் பின்னாலிருந்து” என்று ஆரம்பித்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. அவர் அப்படி இல்லை. விபத்து நடந்த வருஷமே கோதண்டராமனைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டவர் அவர்தான். அன்று நடுக்கூடத்தில் நடந்துபோன கோதண்டராமன் ஒரு பக்கத்து மேஜைகளுக்கு மட்டும் சோறு போட்டுவிட்டு அடுக்களைக்குத் திரும்பினார். எதிர்வரிசையில் எட்டுப் பேர் காலி இலையோடு உட்கார்ந்திருந்தார்கள். சாதி பார்த்துப் போடுகிறான் என்று ஒருவர் கத்தினார். அது அடிதடியில் முடிந்தது.

இந்த மார்கழியில், தீபத்துக் கூட்டம் குறைந்தபின், சக்கரபாணியே குடோனுக்கு வந்தார்.

“டீச்சரம்மா, எனக்கு இவன் மேல கோவம் கெடையாது. இருவது வருசம் போட்ட கை. ஆனா மறுபடி ஒரு ரகளை தாங்காது. ஒண்ணு பண்ணலாம். வர்ற வெள்ளிக்கெழம மத்தியானம் மொதப் பந்தி இவன் போடட்டும். பதினாறு இலை. ஒரு இலை வுடக் கூடாது. யாரும் பேசக் கூடாது, ஜாடை காட்டக் கூடாது. உங்க ஸ்கூல் ஆளு ஒருத்தரும் பந்தில உக்காரக் கூடாது. தானா செஞ்சுட்டான்னா தை ஒண்ணுலேருந்து வரட்டும். அப்புறம் சமையக்கார சகாதேவன் கூட இருந்து பாத்துக்குவான்.”

“இல்லன்னா?”

“இல்லன்னா இன்னா பண்றது சொல்லுங்க.”

இல்லாவிட்டால் என்ன என்பது பாஞ்சாலைக்குத் தெரியும். கீழ்பென்னாத்தூரில் அவருடைய அண்ணன் பலராமன் இருக்கிறார். நல்ல மனிதர். தை மூன்றாம் தேதி வண்டி கொண்டுவந்து இவர்களைக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறார். கோதண்டராமனைத் தனியாக விட்டுவிட்டு பாஞ்சாலையால் தினமும் வேலைக்குப் போக முடியவில்லை. அண்ணன் வீட்டில் சோற்றுக்குக் கவலையில்லை.

கோதண்டராமனிடம் இதைக் கேட்டேன். குடோன் வாசலில் பீடி பற்றவைத்துக்கொண்டே சொன்னார்:

“மச்சான் தங்கமான ஆளு சார். போனா ராஜாவாட்டம் வெச்சிப்பாரு. ஆனா அங்க நான் உக்காந்து துன்றவன். இங்க நான் போடறவன்.”

[இந்த வரியை நான் எழுதவில்லை. எழுதியிருந்தால் அடித்திருப்பேன், கொஞ்சம் ஜோடனையாக இருக்கிறது என்று. அவர் சொன்னார், அதனால் நிற்கிறது.]

4

இடப்பக்கம் இல்லாத ஒருவர் இரண்டு பக்கமும் எப்படிப் பரிமாறுவார்? ரேணுகாம்பாள் இதை மூன்று மாதத்துக்கு முன்பே யோசித்து வைத்திருந்தார். விடை கிரிவலப் பாதையில் கிடைத்தது.

கோதண்டராமன் கடைத்தெருவிலிருந்து வீட்டுக்கு வர வழி தப்புவார். மலை சுற்றப் போனால் தப்பமாட்டார். மலையை எல்லோரும் வலமாகத்தான் சுற்றுகிறோம், மலை எப்போதும் வலக்கைப் பக்கம். அதைப் பார்த்துக்கொண்டே எட்டு மைல் நடந்துவிடுவார். ஒருநாள் அடி அண்ணாமலைவரை போனவரிடம், போன வழியே திரும்பி வா என்றார்கள். வரவில்லை. திரும்பி நின்றால் மலை இல்லை, அவர் என்ன செய்வார்? மிச்சப் பாதையையும் சுற்றி முடித்தே வீட்டுக்கு வந்தார்.

ஓட்டலின் கூடம் நீளமானது. இரண்டு சுவர் ஓரமும் மேஜைகள், எட்டு எட்டு இலை, நடுவில் நடை. அடுக்களைக் கதவு முதல் வரிசையின் சுவரிலேயே, ஒரு கோடியில் இருக்கிறது. கதவிலிருந்து வெளியே வந்து வலப்பக்கம் திரும்பினால் முதல் வரிசை வலக்கைப் பக்கம். அதற்குப் போட்டுக்கொண்டே கை கழுவும் தொட்டிவரை போக வேண்டியது. அங்கே திரும்பி நின்றால், இப்போது இரண்டாவது வரிசை வலக்கைப் பக்கம்! போட்டுக்கொண்டே திரும்ப வேண்டியது. இடப்பக்கம் என்ற ஒன்றே தேவைப்படவில்லை.

குடோனில் பழகினார்கள். இலைக்குச் செய்தித்தாள், சோற்றுக்கு ஆற்று மணல். வாளியை இடக்கையில் கொடுத்தால் கை அதைப் பிடித்திருப்பதை மறந்துவிடும். இரண்டு தடவை காலில் கொட்டியது. அதனால் ஒரு துண்டை இடத்தோளில் போட்டு, குறுக்காக இறக்கி, வாளியை வலது இடுப்பில் தொங்கவிட்டார்கள். புளி உலுக்கப் போய் மரத்திலிருந்து விழுந்த இருசப்பன்தான் முதல் இலை. அவருக்கு நேற்று நடந்தது நினைவில் நிற்காது, வாய் மட்டும் குறையவில்லை.

“நீ யாருய்யா புதுசா இருக்கற?” என்பார் கோதண்டராமனிடம், ஒவ்வொரு தடவையும். “மணல்ல உப்பு கம்மியா இருக்குது. மொதலாளியக் கூப்புடு.”

ஒரே ஒரு சிக்கல். வட்டத்துக்கு முடிவு கிடையாது. இரண்டாவது வரிசையை முடிக்கும்போது அடுக்களைக் கதவு கோதண்டராமனுக்கு இடப்பக்கம் வருகிறது, அதாவது வருவதில்லை. கோடியில் அவர் மறுபடி திரும்பினால், வலப்பக்கம் முதல் வரிசை. மறுபடியும் போட ஆரம்பித்துவிடுவார். எங்கே நிற்பது?

இங்கே நான் தலையிட்டேன். இந்தக் கதையில் நான் செய்த ஒரே காரியம் இது. இயந்திரம் ஓடுவதைவிட நிற்பதுதான் எனக்கு எப்போதும் பிடித்த பகுதி. தொட்டி நிறைந்ததும் மிதவை மேலே வந்து தண்ணீரை அடைக்கிறது. யாரும் சொல்ல வேண்டியதில்லை. அதே மாதிரி, “இலையில் சோறு இருந்தால் நின்றுவிடுங்கள்” என்றேன். முதல் இலையில் ஏற்கெனவே மணல் இருக்கும். அதைப் பார்த்ததும் சுற்று முடிந்தது என்று தெரிந்துகொள்ளலாம்.

மூன்று மாதம் பழகினோம். நூறு தடவைக்கு நூறு தடவை இருசப்பனின் இலை முன்னால் வந்து நின்றார். ரேணுகாம்பாள் என்னைப் பாராட்டினார். நான் அடக்கமாக இருந்தேன்.

5

போன வெள்ளிக்கிழமை, பன்னிரண்டேகால். நானும் ரேணுகாம்பாளும் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றோம். பாஞ்சாலை கை கழுவும் தொட்டிக்கு அப்பால், தூணை ஒட்டி. பந்தியில், விடியற்காலையில் வெறும் வயிற்றோடு மலை சுற்றிவிட்டு வந்த ஒரே பஸ் கூட்டம், பதினாறு பேர். முதல் இலையில் அந்த பஸ்ஸின் டிரைவர்.

கோதண்டராமன் கதவிலிருந்து வந்தார். வலப்பக்கம் திரும்பினார். ஒன்று, இரண்டு, மூன்று. பின்னாலேயே சகாதேவன் சாம்பார் ஊற்றிக்கொண்டு போனார். தொட்டியருகே கோதண்டராமன் நின்று, நிதானமாகத் திரும்பினார். ஒன்பது, பத்து. பாஞ்சாலையின் உதடு எண்ணிக்கொண்டிருந்தது. பதினாறு. ஒரு இலை விடவில்லை. சக்கரபாணி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

கோதண்டராமன் கோடியில் திரும்பி, முதல் இலைக்கு வந்தார். இலையைப் பார்த்தார். இலை சுத்தமாக இருந்தது.

ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது. டிரைவர் பசியோடு வந்தவர். சாப்பிட்டுவிட்டார்.

கோதண்டராமன் சோறு போட்டார். இரண்டாவது இலைக்குப் போனார். அதுவும் காலி. போட்டார்.

“சார்,” என்றார் ரேணுகாம்பாள் மெதுவாக, “மணல யாரும் சாப்புடலியே சார்.”

பேசக் கூடாது, ஜாடை காட்டக் கூடாது. நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம். பந்தியில் குஷி பிறந்துவிட்டது.

“இன்னாய்யா இது, பொண்ணு வூட்டு விருந்தாட்டம் கேக்காமயே கவனிக்கிறாங்க!”

“நீ சும்மா துன்னுடா. வேணாம்னு சொல்லி அவரக் கெடுத்துடாத.”

இரண்டாம் சுற்று முடிந்தது. முதல் இலை மறுபடியும் காலி. மூன்றாம் சுற்று. சகாதேவன் வாளியை நிரப்பி நிரப்பிக் கொடுத்தார்; பிறகு வந்து, கல்லாவின்மேல் குனிந்து, “மொதலாளி, குண்டான் காலி. வெளிய ரெண்டாம் பந்தி நிக்குது” என்றார். சக்கரபாணி பதில் சொல்லவில்லை. யாரும் பேசக் கூடாது என்று சொன்னவர் அவர்தான்.

நாலாவது தடவை முதல் இலைக்கு வந்தபோது டிரைவர் வேட்டியைத் தளர்த்திக்கொண்டு சாய்ந்திருந்தார். இலையில் ஒரு கைப்பிடிச் சோறு மிச்சம். கோதண்டராமன் அதைப் பார்த்தார். நின்றார். வாளியைக் கழற்றி வைத்தார். எங்கள் பக்கம் திரும்பி, பழகியபடியே, “சுத்து முடிஞ்சுது” என்றார்.

6

செயலாளருக்கான முடிவு: கோதண்டராமன் கோடியில் திரும்பியபோது, திடீரென்று இடப்பக்கம் ஒரு கதவு தெரிந்தது. அவர் கண்களில்

முடியாது. பம்பில் காற்று புகுந்தால் தண்ணீர் ஏறாது என்று எழுதியவன், இங்கே மட்டும் ஏறியது என்று எழுத முடியாது. அந்தக் கதவு அவருக்குத் தெரியப்போவதில்லை.

சோகம் விரும்புகிறவர்களுக்கான முடிவு: தை மூன்றாம் தேதி. வண்டி. பலராமன் கைத்தாங்கலாக ஏற்றுகிறார். கோதண்டராமன் திரும்பிப் பார்க்கிறார், ஊர் அவருக்கு இடப்பக்கம் இருக்கிறது.

இது நன்றாக வந்திருக்கிறது. அதனாலேயே சந்தேகப்படுகிறேன். எனக்கு எழுத வசதியாக இருக்கிறது என்பதற்காக ஒருவரைக் கீழ்பென்னாத்தூருக்கு அனுப்பலாமா?

நடந்ததைச் சொல்கிறேன். இரண்டாம் பந்திக்கு மறுபடி உலை வைக்கச் சொல்லிவிட்டு சக்கரபாணி வந்தார்.

“ஒரு இலை வுடல. ஒத்துக்கறேன். ஆனா நிக்கத் தெரியலியே கோதண்டம்.”

“நின்னேனே மொதலாளி. சோறு இருந்துச்சு, நின்னுட்டேன்.” பிறகு கேட்டார்: “எல்லாரும் வயிறாரச் சாப்ட்டாங்களா?”

சக்கரபாணி சிரித்தார். சிரித்ததில் கோபமும் இருந்தது. “அடுத்த வெள்ளி இன்னொரு தபா. ஒரே சுத்து, ஒரே சுத்தோட நிக்கணும். மத்ததெல்லாம் சொன்னபடிதான். அத்தோட சரி.”

“இன்னும் ஒரு வெள்ளி” என்றார் பாஞ்சாலை. யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை. வாளித் துண்டைக் கோதண்டராமனின் தோளிலிருந்து உருவி மடித்துக்கொண்டார்.

(வேறு அடையாளம் வைக்கலாமே, சுவரில் ஒரு சிவப்புத் துணி மாட்டலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். ரேணுகாம்பாள் சொன்ன பதில்: அடிபட்ட மூளை ஒன்றைப் பிடித்துக்கொள்ள மூன்று மாதம் ஆனால், பிடித்ததை விடவும் மூன்று மாதம் ஆகும். இருப்பது ஐந்து நாள். இந்த வெள்ளிக்கு அவரிடம் உள்ள அடையாளம் ஒன்றுதான், நான் கொடுத்தது: இலையில் சோறு.)

7

ஆகவே எல்லாம் முதல் இலையில் உட்காருகிறவரைப் பொறுத்தது. ஐந்து நிமிஷத்தில் கோதண்டராமன் சுற்றி வரும்போது அந்த இலையில் சோறு இருக்க வேண்டும். நிலையத்து ஆள் உட்காரக் கூடாது. நான் உட்காரக் கூடாது. என்னைச் சக்கரபாணிக்குத் தெரியும். யாரோ ஒரு வெளியாள், முன்பின் தெரியாதவர், மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவர்.

புதன்கிழமைக்குள் எனக்குக் கிடைக்கக்கூடிய வெளியாள் ஒருவர்தான். மன்னிக்க வேண்டும், உங்களைக் கேட்காமலே உட்காரவைத்துவிட்டேன்.

மலர் உங்கள் கைக்கு வரும்போது வெள்ளிக்கிழமை முடிந்திருக்கும். ஊரில் யாரையாவது கேட்டால் சொல்லிவிடுவார்கள். கேட்காதீர்கள். இந்தக் காகிதத்தில் இன்னும் பன்னிரண்டேகால்தான்.

விழுப்புரம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தீர்கள். காலையில் ஒரு டீதான். உங்கள் இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டீர்கள். துண்டில் வாளி கட்டிய ஒருவர் வந்து, கரண்டி நிறைய, ஆவி பறக்கச் சோறு வைக்கிறார். இருபது வருஷம் போட்ட கை; இலையின் நடுவில், கோபுரம்போல் வைக்கிறார். சாம்பார் வருகிறது. முருங்கைக்காய். உங்களிடம் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள், சொல்லக் கூடாது என்பது விதி. தூணருகே நிற்கிற பெண் ஏன் உங்கள் இலையையே பார்க்கிறார் என்று உங்களுக்குப் புரியாமல் இருக்கலாம்.

உங்கள் பசி எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. சாப்பிட வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. பசித்தவருக்குச் சோறு போடத்தானே அவர் வந்திருக்கிறார்.

அவர் தொட்டியருகே நின்று திரும்பிவிட்டார். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. பதினைந்தாவது இலையில் ஒரு குழந்தை அப்பளம் கேட்கிறது. அது அவர் வேலை இல்லை, தாண்டி வருகிறார். பதினாறு. கோடிக்கு வந்து, கால்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துத் திரும்புகிறார். உங்கள் இலை இப்போது அவருக்கு வலப்பக்கம் வருகிறது.